அழிக்கவா என்று கேட்கிறது

மத்தியான வெயிலில் தங்கச்சிமடம் பஸ் நிறுத்தம் ஆளில்லாமல் கிடக்கிறது. எதிரே இருக்கும் ப்ரவுசிங் சென்டரில் வாடிக்கையாளராக ஞானசௌந்தரி மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். ஐஸ் கம்பெனியில் டைப் அடிக்கிறவள். உப்பரித்த ஜன்னல் கம்பி வழியாக விழும் வெளிச்சம் அவள் விரல்களில் கோடு போடுகிறது. திரையில் அமெரிக்காவிலிருந்து வந்த வக்கீல் கடிதம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடமேற்றுக் கதை சொல்லி ஆடுகிற ஓர் ஆட்டம். அதை ஆடுகிறவர்களுக்கு உதவியாக அவளே ஒரு சின்ன புரோகிராம் எழுதி, இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறாள். ஆட்டத்தின் விதிகள் எங்கள் சொத்து, இன்றைக்குள் எடுத்துவிடு என்கிறது கடிதம். புரோகிராம் இருக்கும் இணையப் பக்கத்தின் அடியில் பின்லாந்திலிருந்தும் பிரேசிலிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் எழுதிய நன்றிகள். ஒவ்வொன்றாக, உதடு அசைய, கடைசிவரை படிக்கிறாள். அழிக்கவா என்று கேட்கிறது கம்ப்யூட்டர். அழுத்துகிறாள். நன்றிகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. சென்டர் நடத்தும் இராமலட்சுமி தன் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

"என்னக்கா, கண்ணு கலங்கிருக்கு? வீட்டுல யாருக்கும் முடியலையா?"

"அதெல்லாம் இல்லத்தா. ஒரு விளையாட்டுக்கு நான் செஞ்சு வச்சிருந்தத எடுக்கச் சொல்லிட்டாங்க."

"அந்த விளையாட்ட நல்லா ஆடுவீகளோ?"

ஞானசௌந்தரி வெறும் திரையைப் பார்த்தபடியே இருக்கிறாள்.

"ஒரு தடவகூட ஆடுனதில்லத்தா. அதுக்கு நாலு பேரு வேணும்."