பதிலுக்கு ஒரு புத்தகம்

"ஏங்க, நான் சொன்ன அந்தப் புத்தகத்தை நாளைக்கே வாங்கி உங்கம்மா கையில குடுத்துடுங்க. மருமகளை ஆட்டிவைக்கிற மாமியார் கடைசியில என்ன கதிக்கு ஆளாகறாங்கன்னு அதுல விவரமா எழுதியிருக்கு."

சமையலறையிலிருந்து மனைவி சொன்னது, கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் காதில் விழாமல் இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் நேரடியாகப் பதில் சொல்லிவிட்டால் மாமியார் கௌரவம் என்னாவது?

"டேய், அவ என்னமோ சொல்றாளே, என்னன்னு கேளு" என்றார் மகனிடம்.

மகன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுப் பெட்டிகளைக் குளிர வைத்துவிட்டு, தன் வீட்டில் இரண்டே இரண்டு பேரைக் குளிர வைக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

சில மாதங்களாக மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எதனால் சண்டை என்று கேட்டால் அம்மா, "அவளையே கேளு" என்பார். மனைவி, "உங்கம்மாவையே கேளுங்க" என்பாள். நல்லவேளையாக இருவருமே படித்தவர்கள். மற்ற வீடுகளில் பாத்திரம் பறக்கும்; இங்கே புத்தகம் பறந்தது. ஒருத்தி குத்திக்காட்ட ஒரு நாவலைச் சொல்வாள். மற்றவர் அதை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டு, திருப்பிக் குத்த வேறொன்றைச் சொல்வார். போர் அவர்களுடையது, ஆயுதம் வாங்கி வருவது மட்டும் மெக்கானிக்.

ஒருமுறை, "அடுத்த வாரம் பார்க்கலாமே" என்று இழுத்துப் பார்த்தார். மனைவி உடனே தனிக்குடித்தனம் என்றாள். அம்மா, "நான் என் பொண்ணு வீட்டுக்கே போறேன்" என்று பெட்டியை இழுத்தார். அம்மா இல்லாமலும் அவரால் இருக்க முடியாது, மனைவி இல்லாமலும் இருக்க முடியாது. அழாத குறையாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மனைவி இந்தப் புத்தகத்தைச் சொன்னதற்கு மறுநாள் மாலை புத்தகக் கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்க சார், வாங்க! உங்களை மாதிரி வாசகர் கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும். போன வாரம் வாங்கிட்டுப் போனது எப்படி இருந்தது?"

"நல்ல கனம்" என்றார் மெக்கானிக். வாசலிலிருந்து வண்டி வரை சுமந்தவருக்குத் தெரியாதா?

அவர் சொன்ன தலைப்பைத் தேடி எடுத்த கடைக்காரர், "அருமையான கதை சார். கடல் கொள்ளைக்காரனைப் பத்தினது" என்றார்.

"கொள்ளைக்காரனா? இதுல மாமியார் வருவாங்களே?"

"மாமியாரா? கப்பலை விட்டு யாரும் இறங்கவே மாட்டாங்களே சார்!"

மெக்கானிக் பரிதாபத்தோடு சிரித்தார். பாவம், புத்தகம் விற்கத் தெரியும், படிக்கத் தெரியவில்லை. "அதெல்லாம் உள்ளர்த்தம். எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குத்தான் புரியும்."

"வீட்டுல எல்லாரும் படிக்கிறாங்களா? கேக்கவே சந்தோஷமா இருக்கு. நாலு நல்ல புத்தகத்தை மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டா, அதுவே ரெண்டு பேரை ஒண்ணு சேர்த்துடும் சார்."

"ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்து பாருங்க, தெரியும்" என்று முனகியபடி மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டார்.

வீட்டில் அம்மா புத்தகத்தை வாங்கிப் படபடவென்று புரட்டினார்.

"ஓஹோ, இதைச் சொல்ற அளவுக்குத் துணிஞ்சுட்டாளா? இதுக்குப் பதில் சொல்லாம விட்டா நான் மாமியாரே இல்லை!"

அன்று தொடங்கி அம்மா கோபமாகப் படித்தார். அப்படியொரு கோபம், காபி ஆறியதுகூடத் தெரியவில்லை. நடுநடுவே குலுங்கிச் சிரிக்கவும் செய்தார்.

"என்னம்மா, சிரிக்கிறே?"

"ஆத்திரத்துல சிரிப்பு வருதுடா! உனக்கென்ன தெரியும்?"

உள்ளேயிருந்து மனைவி, "உங்கம்மா எந்தப் பக்கத்துல இருக்காங்கன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். எதிரி எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கடைசிப் பக்கத்தை மூடினார். மூடிய சூட்டோடு மகனைக் கூப்பிட்டு, மருமகளின் திமிரை அடக்கக்கூடிய ஒரே புத்தகத்தின் பெயரைச் சொன்னார். "ரெண்டு பாகம். ரெண்டையும் சேர்த்தே வாங்கிட்டு வா. ஒண்ணுக்கெல்லாம் அவ அடங்க மாட்டா."

"அம்மா, கையெடுத்துக் கும்பிடறேன். ரெண்டு பேரும் வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை பேசிடுங்களேன். வீடு வீடா இருக்கட்டும்" என்றார் மெக்கானிக். குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது.

"அவகிட்ட எனக்கென்னடா பேச்சு? நீ போறியா, நான் பெட்டியை எடுக்கட்டுமா?"

தலையில் அடித்துக்கொண்டு அவர் கிளம்பினார். வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியது.

"போயிட்டானா?" என்றார் அம்மா.

"போயாச்சு அத்தை!" ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி ஓடிவந்த மருமகள், மாமியாரை இடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். "கொள்ளைக்காரன் தப்பிச்சானா? ஐயோ, வேண்டாம், சொல்லிடாதீங்க, நானே படிச்சுக்கறேன்!"

"ஆசையாக் கேட்டப்ப எல்லாம் 'புத்தகம் வெட்டிச் செலவு'ன்னு நம்ம ரெண்டு பேரையும் விரட்டினானே, இப்ப எப்படி ஓடறான் பாரு" என்று புத்தகத்தை மருமகள் மடியில் வைத்தார் அம்மா. "ஆனா அடுத்த சண்டையைக் கொஞ்சம் பெருசாப் போடணும்டி, நீ சொன்ன அந்த நாவல் அஞ்சு பாகமாச்சே!"