இல்லாத பாதை

இந்நேரம் ஏரியைத் தாண்டி மேட்டில் ஏறியிருப்பார், எப்படியும் கூப்பிடுவார் என்று நினைத்தபடி அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

கைப்பேசி அடித்தது. கணவர்தான். சரளைப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட வழிகாட்டும் அவருடைய புத்தகம் போன வாரம் வெளியானது. அதைக் கொண்டாட இருபது பேரைக் கூட்டிப் போயிருந்தார்.

"ஏம்மா, மேட்டுக்கு மேல இடப்பக்கம் பாதைன்னு வரைபடத்துல இருக்கு. இங்க வெறும் முள்ளுதான் இருக்கு."

"புத்தகத்தை நல்லாப் பாருங்க."

"அதைப் பார்த்துதான் முழிச்சிக்கிட்டு நிக்கிறேன். எல்லாம் நீங்க ஓட்டிப் பார்த்த வழிதானேன்னு பதிப்பாளர் வேற கேக்குறார்."

வரைபடம் போடுகிறவர்கள், திருடினால் தெரியட்டும் என்று இல்லாத பாதை ஒன்றைச் சேர்த்து வைப்பதுண்டு. மூன்று வருடம் தனியாக மிதித்து வரைந்த தன் நோட்டில் அவளும் ஒன்று சேர்த்திருந்தாள். அந்த நோட்டுதான் அவர் பெயரில் அச்சாகியிருந்தது.

"சரியான வழியை மட்டும் சொல்லிடு, கண்ணு."

"எனக்கெப்படித் தெரியும்? என் மனைவிக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுன்னு நீங்கதானே பதிப்பாளர்கிட்ட சொன்னீங்க."

கைப்பேசியை வைத்துவிட்டு, தன் சைக்கிள் சட்டையை எடுத்து மடித்தாள்.