திட்டுக்குப் போன கட்டில்

விடிந்து பார்த்தால் மிதப்பைக் காணோம்.

கண்மாயின் நடுவில் ஒரு திட்டு. திட்டில் சங்கிலி, அவன் மகள் தங்கப்பொண்ணு, மகன் காளை, நேற்றுப் பிடித்து வைத்த கெளுத்திமீன் குழம்பு அரைச்சட்டி. சுற்றிலும் தண்ணீர்.

"அப்பா, நம்ம கப்பலு ஓடிப்போச்சு!" என்று குதித்தான் காளை. பிறந்ததிலிருந்து இதைவிட நல்ல செய்தியை அவன் கேட்டதில்லை.

கப்பல் என்பது இரண்டு லாரி டியூப். அதன்மேல் கட்டிய கயிற்றுக் கட்டில். துடுப்புக்குத் தென்னைமட்டை. சங்கிலி சிம்மக்கல்லில் பஞ்சர் ஒட்டுகிறவன், டியூப்புக்கா பஞ்சம்? கண்மாய் நிறையட்டும், திட்டில் ஒரு ராத்திரி தங்க வைக்கிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தான். வருஷா வருஷம் மழை ஏமாற்றியது. எழுபத்தேழு ஐப்பசியில்தான் கொட்டியது.

கொட்டிய நேரம் சரியில்லை. இன்று காலை அவன் பெண்டாட்டி ராக்கம்மாளுக்குத் துரும்பு கொடுத்தாக வேண்டும்.

ஊரார் முன்னால் புருஷன் பெண்டாட்டி கையில் ஒரு வைக்கோல் துரும்பை வைத்தால் தீர்ந்தது உறவு. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவள் வாடிப்பட்டிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். விடிந்ததும் கொண்டுவந்து விடுகிறேன் என்று நாட்டாமையிடம் சொல்லிவிட்டுத்தான் நேற்று பொழுதிருக்கப் பிள்ளைகளைக் கட்டிலில் ஏற்றி வந்தான்.

இத்தனைக்கும் காரணம் ஓர் ஆட்டுத்தலை.

கோயில் கிடாவெட்டில் மச்சான் உக்கிரபாண்டி, வீட்டு மாப்பிள்ளைக்கென்று உள்ள தலைக்கறியை இவன் இலையில் வைக்காமல் வேறு எவனுக்கோ வைத்துவிட்டான். இவன் இலையைச் சுருட்டி எறிந்தான். ராக்கம்மாள் அண்ணனுக்காக ஒரு வார்த்தை பேசினாள். "அப்ப அங்கயே இரு" என்றான். "துரும்பக் குடு, இருக்கேன்" என்றாள்.

மறுநாளே இருவரும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். தனித்தனியாக. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் இரண்டு வீட்டிலும் கிடையாது.

கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. காற்று தள்ளிக்கொண்டு போய் மடைப்பக்கம் ஒதுக்கியிருந்த கட்டிலை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"மாப்ள, வாரியா இல்லையா?" என்று கத்தினான் உக்கிரபாண்டி. உறவை அறுக்க வந்தவன், வாய் மட்டும் மாப்ளையை விடவில்லை.

"எதுல வர? நான் நீந்தி வந்தா பிள்ளைகள யாரு பாக்குறது?"

"அங்கிட்டிருந்தே துரும்ப வீசச் சொல்லுங்கப்பா" என்றது ஓர் இளவட்டம்.

"கையில வைக்கணும்டா. கவண்கல்லா வீசுறதுக்கு?" என்றார் நாட்டாமை வெள்ளைத்துரை.

நானே போய்க் கூட்டி வாரேன் என்று உக்கிரபாண்டி கட்டிலில் ஏறினான். கட்டிலுக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்துக் கழுத்துவரை நனைத்து இறக்கிவிட்டது. கரையே சிரித்தது. திட்டில் பிள்ளைகள் உருண்டு சிரித்தன. மச்சான் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று சங்கிலி மீன்சட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

"ஒல்லியா யாராச்சும் போங்கப்பா" என்றார் நாட்டாமை.

யாரும் வாய் திறக்கும் முன் ராக்கம்மாள் ஏறி உட்கார்ந்தாள்.

தென்னைமட்டையால் தண்ணீரை அடி அடியென்று அடித்துக்கொண்டு வந்தாள். மடியில் தூக்குவாளி.

"அப்பா, நேத்து கயித்த நல்லாக் கட்டுனியா?" என்று கேட்டாள் தங்கப்பொண்ணு.

"கட்டாமயா? பேசாம இரு."

கட்டில் திட்டில் வந்து முட்டியது. இறங்கியவள் அவனைப் பார்க்கவில்லை. ஓரமெல்லாம் குழம்பு காய்ந்துபோன மீன்சட்டியைப் பார்த்தாள்.

"பிள்ளைக சாப்பிட்டுச்சுகளா?"

"கொழம்பு கெடக்கு. சோறுதான் இல்ல."

"சோறு கொண்டாந்திருக்கேன்."

கரையிலிருந்து ஈர வேட்டியோடு உக்கிரபாண்டி கத்தினான். "தங்கச்சி, வெரசாக் கூட்டியா! பஞ்சாயத்து காத்திருக்குல்ல?"

"இந்தா வாரேண்ணே" என்றாள், திரும்பாமல்.

கட்டிலின் கயிற்றை இழுத்துக் கருவேல மரத்தில் சுற்றினாள். ஒரு சுற்று. மேலே இன்னொரு சுற்று. கையைத் தட்டிவிட்டு வந்து பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள். காளை முதல் உருண்டைக்கு வாயைப் பிளந்தான்.

சங்கிலி எழுந்து போய்க் கயிற்றைப் பார்த்தான்.

சுற்றியிருந்தாள், அவ்வளவுதான். முடிச்சுப் போடவில்லை.

காற்று இன்னும் மடைப்பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது.

நேற்று அவனும் அப்படித்தான் சுற்றிவிட்டுப் படுத்தான்.