பலகையின் கீழ்வரி

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் நன்றி. தண்ணீர் கொடுத்தால் நன்றி. வழிவிட்டால் நன்றி. போனை வைக்கும்போது ஒரு நன்றி. சொல்கிறவன் முகத்தைப் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது.

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

எதிர்க் கட்டிலருகே ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தில் அட்டை. ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்காமல் சேவை செய்கிறாளாம். வார்டுக்குள் வந்து ஒவ்வொருவரிடமும் கேட்கிறாள். இன்றைக்கு எந்தச் சின்ன விஷயத்துக்கு நன்றி சொல்லப் போகிறீர்கள்?

சம்பளம் வாங்காமல் எவள் வேலை செய்வாள்?

எதிர்க் கட்டில்காரி, இட்லி சூடாக இருந்தது, அதற்கு நன்றி என்றாள். அந்தப் பெண் கைதட்டினாள்.

இட்லி சூடாக இல்லாமல் பின்னே?

இடுப்பு விட்டுப்போயிருந்தது அவருக்கு. வந்த நாளிலிருந்து வராந்தாவில்தான் படுக்கை. தூங்கினோமா இல்லையா என்பதே புரியவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டுமே என்றிருந்தது. எழுந்தால் உட்கார வேண்டும் போலிருந்தது.

கட்டிலில் அவர் மனைவி பாவாயி, பச்சைத் துணி போர்த்திக் கிடந்தாள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆபரேஷன். நெஞ்சைத் திறந்து வால்வு மாற்ற வேண்டும். இந்த வயதில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்லி முடித்துவிட்டு அவரும் நன்றி என்றார்.

எதற்கென்றுதான் தெரியவில்லை.

அந்தப் பெண் இந்தப் பக்கம் வந்தாள்.

"அய்யா, நீங்க ஒண்ணு சொல்லுங்க பார்க்கலாம்."

"ஃபேன் சுத்துது."

"அருமைங்கய்யா! அதுக்கு நன்றி சொல்றீங்களா?"

"கரண்டு இருந்தா சுத்தத்தானுங் அம்மிணி செய்யும்."

எதிர்க் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தப் பெண் விடவில்லை. பாவாயியிடம் குனிந்தாள்.

நன்றாகக் கேட்கட்டும் என்று இவர் இருந்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் பாவாயி வாயிலிருந்து அவர் கேட்டதெல்லாம் குறைதான். உப்பு வாங்கி வந்தால் ஈரம் என்பாள். வடக்கே லாரி ஓட்டிவிட்டு உடம்பெல்லாம் புழுதியாக வீட்டுக்கு வந்தால், செருப்பை ஓரமாக விடத் தெரியாதா என்பாள். அதைக் கேட்டால்தான் வீடு வந்து சேர்ந்தது மாதிரி இருக்கும்.

பாவாயி கொஞ்சம் யோசித்தாள். மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

தலையில் இரட்டைச் சடை. ஆபரேஷனுக்கு அப்படித்தான் போட வேண்டும் என்று நர்ஸ் சொன்னதால் காலையில் அவர்தான் பின்னிவிட்டார். பெண் பிள்ளை இல்லாத வீடு. பின்னத் தெரியாது. தார்ப்பாய்க் கயிற்றை முறுக்குகிற மாதிரி முறுக்கி, நுனியில் கட்டுத் துணியால் லோடு முடிச்சு போட்டிருந்தார்.

"தல பின்னி உட்டீங்க," என்றாள். "ரொம்ப நன்றிங்க."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் சட்டென்று எழுந்து நின்றார்.

அந்தச் சொல் அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கற்றதல்ல. அவர் எழுத்துக்கூட்டிப் படித்ததே சாலையோரப் பலகைகளில்தான். ஊருக்குள் நுழையும்போது நல்வரவு. ஊரைத் தாண்டும்போது நன்றி. ஊர் முடிந்துபோகிற இடத்தில்தான் அதை எழுதி வைப்பார்கள். அப்புறம் வெறும் ரோடு.

பலகையிலாவது கீழே இன்னொரு வரி இருக்கும். மீண்டும் வருக.

இவள் மேல்வரியோடு நிறுத்திவிட்டாள்.

"இந்தா புள்ள, அதத் திருப்பி எடுத்துக்கோ."

"எதைங்க?"

"இப்பச் சொன்னியே, அத."

"சொன்னத எப்புடீங்க திருப்பி எடுக்கறது? பித்துப் புடிச்சிருச்சா உங்களுக்கு?"

"அய்யா, நல்ல வார்த்தைதானுங்களே அது," என்றாள் அந்தப் பெண்.

"உங்களுக்கு நல்ல வார்த்த. எங்கூட்ல அதச் சொல்லிப் பழக்கமில்லீங்."

குரல் உயர்ந்துவிட்டது. வார்டே திரும்பிப் பார்த்தது.

தள்ளுவண்டி வந்தது. இரண்டு பேர் பாவாயியைத் தூக்கி அதில் கிடத்தினார்கள். இத்தனை லேசாகவா ஆகிவிட்டாள்?

வண்டிக் கம்பியைப் பிடித்தபடி அவரும் கூடவே நடந்தார். வராந்தா நீளமாக இருந்தது. இன்னும் நீளமாக இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

"எப்பவும் பேசற மாதிரி ஏதாச்சும் பேசு புள்ள."

பாவாயி அவர் முகத்தையே பார்த்தாள். அங்கே என்ன கண்டாளோ.

"போன மாசம் புளி வாங்கியாந்தீங்களே," என்றாள். மூச்சு வாங்கியது. "புளியா அது? அத்தனையும் கொட்ட. கண்ண எங்க வெச்சிருந்தீங்க?"

"கடைக்காரன்தான்..."

"எத்தன காலத்துக்குத்தான் கடைக்காரன் மேலயே சொல்லுவீங்க? இருங்க. வந்து பேசிக்கறேன்."

கதவு திறந்தது. அவரை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கதவு மூடிக்கொண்டது.

அவர் அங்கேயே நின்றார். கம்பியைப் பிடித்திருந்த கை இன்னும் மடங்கியே இருந்தது.

பின்னாலேயே அந்தப் பெண் வந்திருந்தாள்.

"இப்பவாவது ஒண்ணு சொல்லலாமேங்கய்யா," என்றாள் மெதுவாக.

அவர் அவளைப் பார்த்தார். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். அதற்காக நம்பிவிட முடியுமா?

"அவ வெளிய வரட்டுமுங்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். ஒவ்வொரு படிக்கும் முட்டி வலித்தது.

வாசலில் நின்ற காவல்காரரிடம், கொட்டை எடுத்த புளி பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். காவல்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தெருமுனைக் கடையைக் காட்டினார். வெயிலாக இருக்கிறது, ஓரமாகப் போங்கள் என்றும் சொன்னார்.

அதற்கும் அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார்.