மூன்றாவது கேள்வி

இரண்டு தெரு தள்ளி மறுபடியும் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ரிசப்ஷன்காரன் மேஜைக்கு அடியில் குனிந்தபடியே டெலிபோனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த அறையின் எண்ணை அழுத்தினான்.

கடைவீதியில் வெளிநாட்டுப் பயணிகளைக் குறிவைத்து யாரோ சுட ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஹோட்டலின் இரும்பு ஷட்டர் இறங்கிவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் ஒரு அறை விடாமல் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்பது அங்கே விதி. கேள்விகளை அட்டையில் அச்சடித்து மேஜையில் ஒட்டியே வைத்திருந்தார்கள்.

பத்திரமாக இருக்கிறீர்களா? அடிபட்டிருக்கிறதா? பக்கத்தில் ஆள் இருப்பதால் பேச முடியவில்லையா? மூன்றாவதை மட்டும், ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் பதில் வருகிற மாதிரி கேட்க வேண்டும். கழுத்தில் கத்தி இருக்கிறவர் விலாவாரியாகவா விளக்கம் சொல்வார்?

பதினெட்டு அறை முடிந்திருந்தது. ஒருவர் அழுதார், ஒருவர் நீச்சல் குளம் திறந்திருக்கிறதா என்று விசாரித்தார். அப்போதுதான் அவன் சட்டைப்பையில் செல்போன் துடித்தது. ஊரிலிருந்து அக்கா.

"ஏய் குண்டூசி! இன்னும் உயிரோடதான் இருக்கேன், ஒப்பாரி வெக்காத!" என்று எடுத்த எடுப்பிலேயே கத்தினான்.

சும்மா கத்தவில்லை. அது அவர்களுக்குள் போட்ட சட்டம். அவன் விமானம் ஏறிய அன்று, அக்காவின் புதுக் கணவர் பெட்டிக்குத் தள்ளுவண்டி எடுக்கப் போயிருந்த நேரத்தில், அவள் அவன் காதைத் திருகிச் சொல்லியிருந்தாள்.

"டேய் எருமை, கண்காணாத ஊரு. பக்கத்துல எவனாவது நின்னு, உன்னால வாய்விட்டுச் சொல்ல முடியலைன்னு வையி, என்கிட்ட மரியாதையா பேசு. நமக்குள்ள மரியாதை வந்தாலே ஆபத்துன்னு புரிஞ்சுக்கறேன்."

பிறந்ததிலிருந்து அவர்கள் நடுவில் மரியாதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பதால், சட்டம் கச்சிதமாகப் பொருந்தியது.

"தம்பி, டிவில பார்த்தோம். நீங்க பத்திரமா இருக்கீங்களா?" என்றாள் அக்கா. குரல் நடுங்கியது.

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எருமைக்கு வந்த வாழ்வைப் பார்! பயல் சட்டத்தை மறந்துவிட்டானோ என்று எடுத்துக்கொடுத்துப் பார்க்கிறாள் போலிருக்கிறது.

"என் பக்கத்துல எவனும் இல்ல குண்டூசி. வாசல்ல ஷட்டரு, அதுக்குப் பின்னாடி கிரில்லு. கொசு உள்ள வரணும்னாலும் என்கிட்ட கையெழுத்துப் போட்டாகணும்."

"உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குல்லங்க? நீங்களே போட்டுக்கலாம்ல?"

"நாலு இருக்கு. உனக்கு ஒண்ணு பார்சல் பண்ணட்டுமா?"

அடுத்து மாமாவின் குரல்தான் வந்தது. "மாப்ள, வெளிய கிளிய போயிடாதீங்க. உங்கக்கா காலையிலேர்ந்து ஒரே அழுகை. நான்தான் நகராம பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

"நீங்க இருக்கறப்ப எனக்கென்ன மாமா கவலை!" என்று சொல்லி வைத்தான்.

வைத்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. இரண்டு மாதமாக அவன் அவளைக் கூப்பிடவே இல்லை. டியூட்டி, தூக்கம், நாளைக்குப் பேசலாம் என்று தள்ளிக்கொண்டே போனான். அதற்கு முன்பும் வீடியோவில் வா என்றால் கேமரா சரியில்லை என்பாள், அவனும் அதோடு விட்டுவிடுவான்.

வேலை கிடைத்த அவசரத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது அவன்தான். கல்யாணமான பத்தாம் நாள் விட்டால் போதும் என்று விமானம் ஏறியதும் அவன்தான். நான் ஊரிலேயே இருந்திருந்தால் அவள் இப்படி அழுவாளா என்று நினைத்தபோது தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

சமையல்காரர் டீயோடு வந்து எட்டிப் பார்த்தார். "வீட்லேர்ந்தா?"

"எங்கக்கா. என்னை நெனச்சு நடுங்குது அண்ணே."

"நமக்காவது ஷட்டர் இருக்கு. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க!" என்று டீயை வைத்துவிட்டுப் போனார்.

வெளியே சத்தம் ஓய்ந்து போலீஸ் சைரன் கேட்டது. அவன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். பத்தொன்பது, இருபது, முப்பது, நாற்பது. எல்லோரும் பத்திரம். கடைசி அறையிலும் ஒரு வயதான அம்மாள் தெம்பாகவே பேசினார்.

"கடைசிக் கேள்வி அம்மா. பக்கத்தில் ஆள் இருப்பதால்..."

பாதியில் நிறுத்திவிட்டான். அந்த அம்மாள் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சுட ஆரம்பித்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது, மாமாவோ காலையிலேர்ந்து அழுகை என்றாரே. முன்பின் தெரியாத நாற்பத்திரண்டு அறைக்கும் கேட்ட கேள்வி. ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அவன் கேட்கவில்லை.

ரிசீவரை அப்படியே போட்டுவிட்டுச் செல்போனை எடுத்தான். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போனது. மூன்றாம் தடவை அக்கா எடுத்தாள்.

"குண்டூசி, ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு. அன்னிக்கு ஏர்போர்ட்டுல என் காதைத் திருகிச் சொன்னியே... அது உனக்கும் சேர்த்துத்தானா?"

மாமாவின் இருமல் கேட்டது, மிகக் கிட்டத்தில்.

"ஆமாங்க, தம்பி."