மாறியது தேதி மட்டும்

கார் கதவைக் கோணலாகப் பற்றவைத்துவிட்டு நின்றுபோன ரோபோ கை அந்தரத்தில் தொங்குகிறது. ஒரகடம் தொழிற்சாலையின் கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் காலை வெயில், ரோபோவுக்கு ப்ரோக்ராம் எழுதும் ஷாலினின் லேப்டாப் திரையைப் பாதி அழிக்கிறது. சூப்பர்வைசர் புருஷோத்தமன் திரையில் விரலால் குத்துகிறார். "ரோபோ ப்ரோக்ராம்ல இன்னிக்குத் தேதி கீது. நீதான் கை வச்சிகீற. மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடு." அவர் மேசைமேல் வைத்த பேனாவை ஷாலின் தொடவில்லை. "தொறந்து சும்மா சேவ் பண்ணாலே தேதி மாறும் சார். இந்த சிஸ்டமும் உங்கள மாதிரிதான், தேதியப் பாத்து சந்தேகப்படும். ஆனா உள்ள இருக்கறத பழைய காப்பியோட ஒத்துப் பாத்துட்டுதான் பேசும்." கட்டளையைத் தட்டுகிறாள். மாற்றம் எதுவுமில்லை என்கிறது திரை. லைனில் நிற்பவர்கள் கையுறையோடு எட்டிப் பார்க்கிறார்கள். காலையில் ரோபோவுக்கு ப்ரோக்ராம் ஏற்றிய புருஷோத்தமனின் லேப்டாப்பை ஷாலின் தன் பக்கம் இழுத்து அதே கட்டளையைத் தட்டுகிறாள். சிவப்பில் பழைய வரி வருகிறது: ரோபோ கையின் வேகம் நாற்பது. அதன் கீழே பச்சையில், அவர் மாற்றி எழுதியது: நாற்பத்தாறு. பேனாவை எடுத்து அவர் முன்னால் வைக்கிறாள். "லெட்டர்ல தேதி போட மறந்துடாதீங்க சார்."