விட்லாக் சிவப்பு

"எந்த மரத்துல தழும்பு இருக்கோ, அதுதான் திருட்டு மரம். அது வேரோட சாயணும். என்ன சொல்றீங்க, டீக்கன் ஐயா?"

ஒபதியா விட்லாக் தன் கோடரியை வேலிக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டுக் கேட்டான். ஆப்பிள் பறிக்கக் கூடியிருந்த அண்டை வீட்டார் அனைவரும் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றனர்.

வேலிக்கு இப்புறம் தபீத்தா பென்னட்டின் மரம். அப்புறம் ஒபதியாவின் மரம். இரண்டிலும் ஒரே கனி. அடர் சிவப்பில் மெல்லிய மஞ்சள் கோடு. கடித்தால் புளிப்பு முந்திக்கொள்ளும், இனிப்பு பின்னால் வந்து நிற்கும்.

வம்பு அங்கேதான் பிறந்தது. ஆப்பிள் விதை தாயைப் போலக் காய்ப்பதில்லை என்பது ஒகையோ ஆற்றங்கரையில் காடு திருத்திய எவரும் அறிந்ததே. இரண்டு மரங்கள் ஒரே கனியைத் தந்தால், ஒன்றின் கிளையை நறுக்கி மற்றொரு கன்றின் தண்டில் ஒட்டி வளர்த்தார்கள் என்று பொருள். மண் மூடிய அடித்தண்டில் அந்த ஒட்டுத் தழும்பு மரத்தின் ஆயுளுக்கும் அழியாது.

ஆற்றில் படகோட்டி வரும் நாற்றுப் பண்ணைக்காரர் இந்தக் கனியை ஊர் ஊராகப் பரப்ப விரும்பினார். பெயர் கேட்டார். 'விட்லாக் சிவப்பு' என்றான் ஒபதியா. "பென்னட் வீட்டு மரமும் அதுதானே?" என்று யாரோ கேட்டுவிட, ஒபதியாவின் இரத்தம் கொதித்துவிட்டது.

"எங்கப்பா கதை உங்களுக்குத் தெரியாததா?" என்று கூட்டத்தை நோக்கித் திரும்பினான். "மலை தாண்டி வந்து ஆத்தைக் கடக்கறப்ப ஓடம் கவுந்து போச்சு. நீந்த ரெண்டு கையும் வேணும். விதைப் பையோட வாரைப் பல்லுல கவ்விக்கிட்டார். கரையேறிப் பார்த்தா முன்பல்லு ஒண்ணைக் காணோம். விதை ஒண்ணுகூடக் குறையலை!"

"போன வருஷம் ரெண்டு பல்லுன்னு சொன்னியேப்பா?" என்றான் கொல்லன் சைலஸ்.

கூட்டம் சிரித்தது.

"ஒண்ணோ ரெண்டோ, விதை எங்க விதை! ராத்திரியில வேலி தாண்டிக் கிளை நறுக்கின கை இந்தப் பக்கத்துக் கை!"

தபீத்தா மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள். ஒபதியாவோடு ஒரே ஓடையில் மீன் பிடித்து வளர்ந்தவள். இன்று அவள் தலை நரைத்த கைம்பெண்.

"பேரை நீயே வெச்சுக்கோ, ஒபதியா. மரத்தை விடு. மண்ணைக் கிளறாதே."

"ஏன், பயமா இருக்கா?"

"ஆமா," என்றாள் அவள். "பயமாத்தான் இருக்கு."

"கேட்டீங்களா எல்லாரும்!"

ஊர்த் திருச்சபையின் மூப்பரான டீக்கன் எல்க்கானா தொண்டையைச் செருமினார். "தபீத்தாம்மா, உங்கப்பாவை நான் அறிவேன். ஜெபக்கூட்டத்துல என் பக்கத்துலதான் உக்காருவார். பாட்டுப் பாடறப்ப ஊடால விசிலடிச்ச மாதிரி ஒரு சத்தம் வரும். பிள்ளைங்க சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். அவர் திருடியிருப்பார்னு என் மனசு ஒப்பலை. ஆனா கேள்வி வந்தாச்சு. மண்ணு பதில் சொல்லட்டும்."

ஒபதியாவே மண்வெட்டியை எடுத்தான். தபீத்தாவின் மரத்தடியில் மண் ஒதுங்க ஒதுங்க, பட்டை ஒரே சீராக இறங்கிக்கொண்டே போனது.

"இன்னும் ஆழத்துல இருக்கும்," என்றான்.

வேர் பிரியும் இடமே வந்துவிட்டது. மேலிருந்து கீழ்வரை ஒரு சுருக்கம்கூட இல்லை.

"இது விதையில முளைச்ச மரம்," என்றார் டீக்கன். "இனி அந்தப் பக்கம்."

தபீத்தா விரைந்து வேலியைத் தாண்டி ஒபதியாவின் மரத்தை மறித்து நின்றாள். "போதும், டீக்கன் ஐயா. இதைத் தோண்ட வேண்டாம்."

ஒபதியா உரக்கச் சிரித்தான். "என் மரத்துக்கு நீ என்ன காவலா? நகரு! விட்லாக் மரம் எதுக்கும் அஞ்சாது!"

அவளை விலக்கிவிட்டு அவனே தோண்டினான். ஒரு சாண் ஆழம்தான் போயிருக்கும்; மண்வெட்டி நின்றுவிட்டது. மேலே பட்டை மழமழப்பாக, கீழே கறுத்துக் கரடாக. இரண்டுக்கும் நடுவே விரலில் மோதிரம் இறுகியதுபோல் ஒரு தடித்த வளையம்.



ஒபதியாவின் முகம் வெளிறியது. ஆனாலும் அவன் சொன்ன சொல்லை விழுங்குகிறவன் அல்லன். வேலிக்கு நடந்து, கோடரியைப் பிடுங்கிக்கொண்டு தன் மரத்தை நோக்கி வந்தான்.

"கீழே வை அதை," என்றாள் தபீத்தா. மண்டியிட்டு அமர்ந்து, தோண்டிய மண்ணைக் கையாலேயே தள்ளித் தழும்பை மூடத் தொடங்கினாள். "இதுவும் திருட்டு மரமில்லை. உங்கப்பா வந்து கேட்டார். எங்கப்பா நல்ல கிளையாப் பார்த்து நறுக்கிக் கொடுத்தார்."

"அப்போ... எங்கப்பாவோட கதை?" ஒபதியா கோடரியைத் தாழ்த்தினான்.

"அதையும் கேட்டு வாங்கிட்டுத்தான் போனார். பிள்ளைங்களுக்குச் சொல்லத் தன்கிட்ட எதுவும் இல்லைன்னாராம். வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு எங்க வீட்டுல வாக்கு. பேரு விட்லாக் சிவப்பாவே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு."

மண்ணைத் தட்டிச் சமன் செய்துவிட்டு, அவள் டீக்கனை நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தாள்.

"பாடறப்ப எங்கப்பாவுக்கு விசில் எதனால வந்துச்சுன்னு நினைச்சீங்க, டீக்கன் ஐயா? அந்த முன்பல்லு இன்னும் ஆத்துக்குள்ளதான் கிடக்கு."